சிசுவின் செவியைச் சோதித்த வரலாறு

பிறந்து இரண்டு நாளே ஆன சிசு கேட்கின்றதா என்பதை அதனிடமே வினவ இயலாது. ஆதலின் முன்னோர் கை தட்டினர், மணி அடித்தனர், கண் இமைத்தால் மகிழ்ந்தனர். 1964ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மேரியன் டவுன்ஸ் என்னும் அம்மையார் இதனையே முறைப்படுத்தி, உரத்த ஒலியெழுப்பும் கருவியோடும் தன்னார்வலர் துணையோடும் ஆயிரக்கணக்கான சிசுக்களைச் சோதித்தார். பெருமுயற்சிதான். எனினும் ஒருவர் கண்ட அசைவை மற்றொருவர் காணவில்லை. சிசு ஒலி கேட்டு அசைந்ததோ, தானே அசைந்ததோ, யார் துணிந்து கூறுவது?

ஒலி கேட்டவுடன் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் நுண்ணிய மின் அலைகள் எழுகின்றன. தலையின்மேல் வைத்த மின்முனையில் அவற்றின் அளவு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் இயல்பான மின் அலைகளோ அதனினும் பன்மடங்கு பெரியவை. ஹவுரா நிலையத்து இரைச்சலில், தொலைவில் ஒருவர் மெல்லப் பேசும் தமிழைப் பிரித்தறிவது போன்ற வேலை இது.

அதற்கு வழி கண்டவர் லண்டன் அறிஞர் ஜார்ஜ் டாசன். அவர் ஆராய்ந்தது செவியை அன்று, கையின் நரம்பை. நரம்பைத் தூண்டிய கணம் முதல் எடுத்த பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும் கருவியை 1951இல் அவர் காட்டினார். விடையலை ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் எழுவதால் கூட்டக் கூட்ட வளரும். இரைச்சல் மேலும் கீழுமாய் அலைவதால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 2000 பதிவுகளின் சராசரியில் இரைச்சல் ஏறத்தாழ 45இல் ஒரு பங்காகின்றது. இன்றைய சோதனைக்கு வித்து இதுவே என்பது என் கருத்து.

1970இல் ஜூவெட் குழுவினர் இம்முறையால் மூளைத்தண்டின் அலைகளைத் தெளிவாகப் பதிந்தனர். 1974இல் ஹெகாக்ஸும் கலாம்போஸும் சிசுக்களிடம் அவற்றைக் கண்டனர். 1978இல் டேவிட் கெம்ப், நலமான செவி தானே மெல்லொலி எழுப்புகின்றது என்று நிறுவினார். அதனைச் செவித்துளையில் பொருத்திய சிறு ஒலிவாங்கியே பதிந்துவிடும்.

எனினும் கணக்கு அழுகையை வெல்லாது. இரைச்சல் இருமடங்கானால் அதே தெளிவுக்கு நான்கு மடங்கு பதிவு வேண்டும். எனவேதான் பாலூட்டி உறங்கச் செய்து, தோலைத் துடைத்து மின்முனை ஒட்டுகின்றனர். பிறந்த முதல் நாளில் செவித்துளையில் வெண்ணிறப் படிவு தங்கியிருப்பதும் உண்டு; ஒரு நாள் பொறுத்தல் நன்று.

‘மீண்டும் வருக’ என்றால் செவிடு என்று பொருளன்று. பதிவு தெளிவாக அமையாததும் காரணமாகலாம். ஆனால் மறுசோதனைக்கு வாராதோர் பலர். ஆறு மாதத்திற்குள் குறை கண்டறிந்து உதவிய குழந்தைகள் மொழியில் முந்தினர் என்று 1998இல் வெளியான கொலராடோ ஆய்வு காட்டியது. தாய்வீட்டில் பிரசவித்துப் பம்பாய்க்கோ தில்லிக்கோ திரும்பும் அன்னையர், சோதனைச் சீட்டை மறவாது உடன் கொணர்ந்து, ஒரு மாதத்திற்குள் அங்குள்ள மருத்துவமனையில் காட்டலாம்.