நாராவில் ஒரு பகல்: கண் திறப்பும் நீலக் கயிறும்

குடமுழுக்கு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினர் பணித்தார்கள். தலவரலாற்றையும் திருப்பணி விவரங்களையும் இம்மலரில் தக்கோர் எழுதுகிறார்கள். அடியேன் ஜப்பானின் பழைய தலைநகரான நாராவில் ஒரு பகல் நடந்து கண்டதைச் சொல்ல விழைகிறேன். பௌத்தத் தலத்துக்கு நம் மலரில் என்ன வேலை என்று யாரும் புருவம் உயர்த்த வேண்டாம். காரணம் போகப் போக விளங்கும்.

ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஏறினால் முதலில் கோஃபுகுஜி ஆலயம். 734இல் செய்த அசுரர் படிமம் அங்கே இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை. நம் புராணங்களில் வதைபடும் அசுரன் இங்கே மெலிந்த பாலகனாக, புருவம் நெரித்து, கைகூப்பி நிற்கிறான். அடியார் கூட்டத்தில் அசுரனுக்கும் இடமுண்டு என்பது நமக்கும் உடன்பாடுதானே!

அதற்கப்பால் மான்கள். இங்குள்ள காசுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது வந்ததென்பது ஐதிகம். ஆகவே எவரும் அவற்றை விரட்டுவதில்லை. தலையாட்டித் தவிட்டு பிஸ்கட் கேட்ட ஒரு மான், தீர்ந்ததும் என் ஜோல்னாப் பையின் வாரைக் கவ்விக்கொண்டது.

அடுத்தது தோதாய்ஜி ஆலயம். அங்குள்ள மகா புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். வைரோசனர் என்பது திருநாமம். ஷோமு பேரரசர் 743இல் விடுத்த ஆணையில், ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவனையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நம் நன்கொடையாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய ஆணை இது.

752ஆம் ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் கண் திறப்பு. பதினாயிரம் துறவிகள் அழைக்கப்பட்டதாக அரசக் குறிப்பு சொல்கிறது. தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர், பாரத்துவாச கோத்திரத்தார். 736இல் ஜப்பான் வந்து தாயான்ஜி மடத்தில் தங்கி, 760இல் மறைந்தவர். அவருடைய சீடர் எழுதிய புகழுரை அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. மதுரை என்று ஊரையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு. எனக்குத் தெற்கு என்பதே போதும்.

அந்தத் தூரிகையில் நீலப் பட்டுக் கயிறுகளைக் கட்டிக் கீழே விட்டிருந்தார்கள். அரச குடும்பத்தார் முதல் கூடியிருந்தோர் வரை அவற்றைப் பற்றிக்கொண்டார்கள். எழுதியது ஒரு கை, புண்ணியம் எல்லார்க்கும். யாகசாலைக் கும்பத்துக்கும் மூலவருக்கும் இடையே நாம் தர்ப்பைக் கயிறு கட்டிச் செய்யும் நாடிசந்தானம் வேறென்ன? கண் திறப்பான நயனோன்மீலனத்தையும் நாடிசந்தானத்தையும் ஆகமம் தனித்தனிச் சடங்காக வைத்தது. நாராவில் இரண்டும் ஒன்றாக நடந்தன என்பேன். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததென்று வாதாட வரவில்லை. கண்டவுடன் மெய்சிலிர்த்ததைச் சொல்கிறேன்.

இவ்விடத்தில் எனக்கு உவப்பான நூலொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. தோதாய்ஜி கெகோன் நெறியின் தலைமைப்பீடம். அந்நெறிக்கு ஆதாரம் அவதம்சக சூத்திரம். அதன் கடைப்பகுதியான கண்டவியூகத்தில், மஞ்சுஸ்ரீ ஏவ, சுதனன் என்னும் இளைஞன் குருமார்களைத் தேடித் தெற்கு நோக்கி நடக்கிறான். அவன் கண்ட குருமார்களுள் ஒருவர் வஜ்ரபுரத்து மேகர். அவரைத் திராவிடர் என்றே நூல் குறிக்கிறது. வந்தவன் மெய்ஞ்ஞானத்தில் மனம் வைத்தவன் என்று அறிந்ததும், மேகர் ஆசனத்தைவிட்டு இறங்கி அந்த இளைஞனின் காலில் விழுகிறார்! ஆசிரியர் மாணவனை வணங்கும் இக்காட்சியை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள், ஆசிரியர்களுக்கும்.

மஞ்சுஸ்ரீ சொல் கேட்டுச் சுதனன் தெற்கே வந்தான். அதே மஞ்சுஸ்ரீயைத் தரிசிக்கத்தான் தெற்கிலிருந்து போதிசேனர் சீனத்து வூதாய் மலைக்குப் புறப்பட்டார் என்பது மரபு. சீனத்துக்கு வந்திருந்த ஜப்பானியத் தூதர்கள் அழைத்ததால் கடல் கடந்தார். சூத்திரம் வகுத்த வழியில் எதிர்த்திசையில் நடந்தவர் அவர்.

மாலையில் தோதாய்ஜியைச் சேர்ந்த நிகாட்சுதோ மண்டபத்தின் மாடத்தில் நின்றால் மகா புத்தர் மண்டபத்தின் கூரை தெரியும். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. 1180இலும் 1567இலும் முன்னவை எரிந்தன. முதல் தீக்குப்பின் 1185இல் மறுபடி கண் திறந்தபோது, ஷோசோயின் கருவூலத்திலிருந்து போதிசேனரின் தூரிகையையே எடுத்து வந்தார்கள். துறவு பூண்ட கோ-ஷிராகவா பேரரசர் தம் கையால் எழுதினார்; அச்செய்தியைத் தூரிகைத் தண்டிலேயே பொறித்தும் வைத்தார்கள். தூரிகையும், ஏறத்தாழ 200 மீட்டர் நீள நீலக் கயிறும் இன்றும் உள்ளன.

அதுபோலவே, நம் ஸ்தபதியார் கண் திறக்கப் பயன்படுத்தும் தங்க ஊசியைத் திருப்பணிக் குழுவினர் கேட்டுப் பெற்று, நாளும் பெயரும் பொறித்து, கோயில் பெட்டகத்தில் வைக்க வேண்டுமென்று இம்மலர் வாயிலாக விண்ணப்பிக்கிறேன்.