ஹெரால்டுக்கு ஊசி போடலாமா? ஒரு பழைய மெட்ராஸ் காரின் தொண்டை பற்றி

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வருவார். வயது 74. பி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுபவர். போன மாசம் வந்தப்ப, "ஞாயித்துக்கிழமை மட்டும் தலைவலி வருது, டாக்டர் தம்பி. குமட்டலும் இருக்கு" என்றார். பி.பி. சரியாக இருந்தது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98. ஞாயிறு மட்டும் வரும் தலைவலிக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது?

கிளம்பும்போது இன்னொரு கேள்வி கேட்டார். "எங்க ஹெரால்டுக்கு ஊசி போடணும்னு பேரன் ஒத்தக்கால்ல நிக்கிறான். போட்டா மூச்சு நல்லா வருமா?"

அவர் சொன்ன ஊசி ஃப்யூயல் இன்ஜெக்ஷன். கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு த்ராட்டில் பாடியும் கம்ப்யூட்டரும் பொருத்துவது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை மறுபடி உட்கார வைத்தேன். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். வெளியில் காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.)

முதலில் அந்த வண்டியின் கதை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மெட்ராஸ் கார் என்றே சொல்லலாம். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் பக்கம் இருந்த தன் ஆலையில் 1961 முதல் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும், எஞ்சின் முழுசா கண்ணுக்குத் தெரியும். அந்தக் கால மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டி மேல் தனிப் பிரியம் வர இதுவும் ஒரு காரணம். பிற்பாடு நாலு கதவு வைத்த ஹெரால்டும் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

சுவாரசியம் எஞ்சினில் இருக்கிறது. 948 சி.சி., நாலு சிலிண்டர். இதே எஞ்சின் குடும்பம் 1953-ல் 803 சி.சி.யாகப் பிறந்து, 1,493 சி.சி. வரை வளர்ந்து, 1980 வரை உயிரோடு இருந்தது. ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி, எஞ்சினை 1,147 சி.சி. ஆக்கி, 1962-ல் ட்ரையம்ப் விட்ட வண்டிதான் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதாவது வாலிகண்டபுரம் ஷெட்டில் நிற்பது ஸ்பிட்ஃபயரின் அண்ணன். அண்ணன் குடும்பஸ்தர், தம்பி மைனர். அவ்வளவுதான் வித்தியாசம்.

வித்தியாசத்தில் பெரும் பங்கு தொண்டையில். இங்கிலாந்தில் சாதாரண 948 சி.சி. ஹெரால்டுக்கு ஒற்றை கார்பரேட்டர், சுமார் 35 குதிரை சக்தி. அதே எஞ்சினுக்கு இரண்டு எஸ்.யு. கார்பரேட்டர் வைத்து, கம்ப்ரெஷனையும் கூட்டி, கூப்பே மாடலில் 45 வரை எடுத்தார்கள். ஸ்பிட்ஃபயரில் 63.

எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. கண்டுபிடித்த ஸ்கின்னர் செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளை. அதனாலோ என்னவோ, ஆரம்பத்தில் அதற்குள் இருந்தது தோலால் செய்த துருத்தி! எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் தானாக மேலே ஏறி வழி விடும். வெளிச்சத்துக்குத் தக்கபடி நம்ம கண்மணி விரிகிற மாதிரி.

அந்த இரட்டை எஸ்.யு. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததா? வாய்ப்பே இல்லை. இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலம், ஒரு உதிரி பாகத்துக்கே தவம் கிடக்கணும். ஆனால் ஆசைக்கு ஏது லைசென்ஸ்? இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டு ரேஸ் கார்கள் ஓடிய அதே மண்ணில் ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசிடரும் ஓடின. கையில் இருப்பதைச் சுரண்டி, தேய்த்து, துளையைப் பெரிசாக்கி மெக்கானிக்குகள் வேகம் எடுத்த காலம் அது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் வந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அவர் கதைக்குத் தனி இழை வேணும்.

இன்ஜெக்ஷனும் ட்ரையம்ப் குடும்பத்துக்குப் புதுசு இல்லை. 1967-ல் வந்த டி.ஆர்.5 காரில் ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு த்ராட்டில், மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன், 150 குதிரை சக்தி. அமெரிக்காவுக்கு அனுப்பியதில் மட்டும் புகை விதிகளுக்குப் பயந்து கார்பரேட்டரே வைத்தார்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழ். அதே புகை விதிகள்தான் 2000 வாக்கில் நம்ம நாட்டுப் புதுக் கார்களிலிருந்து கார்பரேட்டரைத் துரத்தின.

சரி, பேரன் கேட்டது என்ன? "பெரிய த்ராட்டில் பாடி போட்டா பவர் கூடும் டாக்டர்."

கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முழுசா மூச்சு இழுக்கும். 948 சி.சி., நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்றால் அதிகபட்சம் சுமார் 2,370 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு நிமிஷத்துக்கு 6 லிட்டர் போதும். கிட்டத்தட்ட 400 பேர் விடும் மூச்சை ஒரு சின்ன ஹெரால்டு இழுக்கிறது! எதிரே நிற்பவனின் பாதி பலத்தை வாங்கிக்கொள்ளும் வாலியின் பெயர் கொண்ட ஊரில் நிற்க வேண்டிய எஞ்சின்தான்.

இந்தக் காற்று 30 மி.மீ. துளை வழியே போனால் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 56 மீட்டர். 45 மி.மீ. என்றால் 25 மீட்டர்தான். கார்பரேட்டருக்கு இந்த வேகம்தான் உயிர். அந்த உறிஞ்சல்தான் பெட்ரோலைத் தூக்குகிறது. இன்ஜெக்ஷனில் பெட்ரோலை பம்ப் தள்ளுவதால் பெரிய துளை சாத்தியம். ஆனால் சின்ன எஞ்சினுக்குப் பெரிய பட்டர்ஃப்ளை வைத்தால், ஆக்சிலேட்டரை லேசா தொட்டதுமே காற்று குபீரென்று போய் வண்டி குதிக்கும். பெரம்பலூர் சந்தை நாளில் அப்படி ஓட்டிப் பாருங்க, தெரியும்.

இன்னொன்று. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழல் மட்டும் அகலமாக இருந்து பயன் என்ன? அடைப்பு கீழே, சின்னக் குழாய்களில். எஞ்சினிலும் வால்வு, போர்ட், கேம்ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் 1960-களின் அளவிலேயே இருந்தால் வாயை மட்டும் பெரிசாக்கி லாபமில்லை.

பேரன் பக்கமும் நியாயம் உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரையும் டயாஃப்ரத்தையும் அது பதம் பார்க்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலியும். ஆக்சிஜன் சென்சார் வைத்த கம்ப்யூட்டர் அதைத் தானாகச் சரிசெய்யும். கார்பரேட்டரில் ஜெட்டை மாற்றணும்.

பேசிக்கிட்டே இருந்தப்பதான் எனக்குப் பொறி தட்டியது. "வண்டியை எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்க ஐயா?"

"ஞாயித்துக்கிழமை காலையில. பேட்டரி இறங்கக்கூடாதுல்ல? சோக்கை இழுத்து இருபது நிமிஷம் ஓடவிட்டு, பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்."

"ஷெட் கதவு?"

"ரோட்டுத் தூசி வருதுன்னு சாத்தி வச்சிருப்பேன்."

கார்பன் மோனாக்சைடு! சோக் இழுத்த கார்பரேட்டர் வண்டி இதை ஏராளமாகக் கக்கும். நிறமில்லை, வாசனையில்லை. நம்ம ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவி இரண்டையும் பிரித்துப் பார்க்காது, 98 என்றே காட்டும். என்னிடமும் அதுதான் காட்டியது. தலைவலியோடு போனது அவர் அதிர்ஷ்டம். பூட்டிய ஷெட்டில் இப்படி உட்கார்ந்து உயிர் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு.

அடுத்த ஞாயிறு கதவு திறந்தது, வண்டி வெளியே வந்தது. தலைவலி வரவில்லை.

எனக்குத் தெரிந்த திருச்சி மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஓரமாகக் காற்று இழுக்கிறது, அதனால்தான் சோக் இல்லாமல் வண்டி நிற்க மாட்டேங்குது என்றார். லேத் பட்டறையில் புது பித்தளை புஷ் போட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றி, ஜெட்டையும் சரிபண்ணினார்கள். இப்போது சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டாலும் சீராக ஓடுகிறது.

பேரன் த்ராட்டில் பாடி யோசனையை இன்னும் விடவில்லை. தாத்தா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பழைய கார்பரேட்டரை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, டிக்கியிலேயே வைக்கணும்.

போன வாரம் பி.பி. பார்க்க வந்தவர் கதவருகே நின்று திரும்பினார். "டாக்டர் தம்பி, அந்த ரெட்டை எஸ்.யு.ன்னு சொன்னீங்களே, அது இப்ப எங்க கிடைக்கும்?"