முடங்கிய பாதையும் முளைத்த சொற்களும்



புலவர் பெருமக்கள் எழுதும் இம்மலரில் ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கு என்ன வேலை என்று எண்ணவேண்டா. நாள்தோறும் ஆங்கிலக் கோப்புகளோடு போராடுபவன் என்ற உரிமையில் அம்மொழியின் ஒரு சொற்குடும்பத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். சாலையில் வண்டிகள் நின்றாலும், ஆட்சிமன்றத்தில் அலுவல் நின்றாலும் ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒரே சொற்களையே ஆளுகின்றனர். ஆயினும் அவை பிறந்த இடங்கள் வேறு. அவை காட்டும் நோய்களும் வேறு.

'ஸ்டேல்மேட்' என்பது சதுரங்கச் சொல். நம் நாட்டில் தோன்றிப் பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்ற ஆட்டம் அது. அரசனுக்கு நேரான தாக்குதல் இல்லை. ஆனால் நகர்த்துவதற்கும் காய் இல்லை. இன்று இது வெற்றி தோல்வியற்ற முடிவாகும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலோ, எதிரியை அந்நிலைக்குத் தள்ளியவனே தோற்றவனாகக் கருதப்பட்டான்!

'டெட்லாக்' என்னும் சொல்லை ஷெரிடன் 1779-இல் தம் 'தி கிரிட்டிக்' நாடகத்தில் ஆண்டார். மேடையில் பலர் ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் ஓங்கி நிற்பர். முதலில் கையெடுக்க எவருக்கும் துணிவில்லை. இங்கே நோய் அச்சம். 'இம்பாஸ்' பிரெஞ்சு மொழி தந்தது, நம் முட்டுச்சந்தேதான். 'பாட்டில்நெக்', குப்பியின் ஒடுங்கிய கழுத்து. அங்கே நோய் இடக்குறைவு.

'லாக்ஜாம்' அமெரிக்க ஆறுகளில் பிறந்தது. வெட்டிய மரங்களை மில்லுக்கு ஆற்றில் மிதக்கவிடுவார்கள். அவை சிக்கி மலைபோற் குவிந்துவிடும். 1886-இல் செயின்ட் குரோய் ஆற்றில் அத்தகைய பெருங்குவியல் ஒன்று ஏற்பட்டது. சிக்கலுக்கு மூலமான கட்டையைக் கண்டு அகற்றுவதே அத்தொழிலாளரின் திறமை.

இக்குடும்பத்தின் இளைய பிள்ளை 'கிரிட்லாக்'. 1811-ஆம் ஆண்டுத் திட்டப்படி நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தெருக்கள் சதுரங்கப் பலகைபோற் குறுக்கும் நெடுக்கும் அமைந்தன. 1980 ஏப்ரலில் அந்நகரப் போக்குவரத்துத் தொழிலாளர் 11 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரப் பொறியாளர் சாம் ஷ்வார்ட்ஸ் வாயிலாக இச்சொல் ஊரறியப் பரவிற்று. அப்பால் வழியில்லை என்று கண்டும் ஒரு வண்டி நாற்சந்தியில் நுழைகிறது. விளக்கு மாறியதும் குறுக்குத் தெருவை அது மறிக்கிறது. அடுத்த சந்தியிலும் அவ்வாறே. முடிவில் வால் தலையைப் பிடித்துக்கொள்ள, எவரும் நகர இயலாது. இதில் கொடியவன் என்று ஒருவன் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு வண்டி நீளம் முந்த நினைத்ததே நோய்.

இச்சொல் விரைவில் அமெரிக்க அரசியலிலும் குடியேறிற்று. எல்லைச் சுவருக்கான பணத்தைப் பற்றிய பூசலால் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்கள் அவ்வரசின் பல துறைகள் முடங்கின. விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர் முதலானோர் அந்நாட்களில் சம்பளமின்றிப் பணிக்கு வந்தனர். மாதம் பிறந்தால் வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என்று கணக்கிடும் நமக்கு அதன் பொருளை அகராதி பார்த்து அறிய வேண்டுவதில்லை.

நம் தமிழில் வண்டிச் சக்கரத்திற்கு இடும் 'முட்டுக்கட்டை'யே அரசியல் தேக்கத்திற்கும் பெயராயிற்று. அச்சொல்லைக் கேட்டதும் கட்டையை இட்டவன் யார் என்றே தேடுகின்றோம். பல வேளைகளில் அவ்வாறு ஒருவன் இருப்பதில்லை. நாமெல்லோரும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்திருப்போம்.

ரயில்வேயில் ஒரு பழைய நெறி உண்டு. அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடாமல் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடமாட்டார். முன்னே இடம் உண்டா என்று கேட்டபின்னரே புறப்பாடு. நம் இல்லத்து வழக்குகளிலும், சங்கத்துக் கூட்டங்களிலும் ஒரு சொல்லை விடுமுன், எதிரிலிருப்பவர் மானத்தோடு நகர இடமிருக்கிறதா என்று பார்ப்போமாக. முடக்கத்தை நீக்குவதினும் அதில் நுழையாதிருத்தல் எளிதன்றோ?