கல்லறைத் தோட்டத்துக்குக் காவலான நாய்கள்



இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டு உலாவ விடலாமா? கேட்டவுடன் "கூடாது" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். ஆனால் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு கல்லறைத் தோட்டம் இன்று பசுமையாக இருப்பதற்கு, அங்கே கயிறில்லாமல் ஓடும் நாய்களும் ஒரு காரணம். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த இடத்தின் பெயர் காங்கிரெஷனல் செமட்டரி. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கிழக்கே இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில், அனகோஸ்டியா ஆற்றை ஒட்டிச் சுமார் 35 ஏக்கர் நிலம். 1807இல் தொடங்கப்பட்டது. நிலம் அந்தப் பகுதியின் கிறிஸ்து ஆலயத்துக்குச் சொந்தம். அதே ஆண்டு யூரியா டிரேசி என்ற செனட்டர் இறந்தார். இறந்த உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக ரயிலோ குளிர்பதன வசதியோ இல்லாத காலம். உறுப்பினர்களைத் தலைநகரிலேயே அடக்கம் செய்யும் வழக்கம் வந்தது. "காங்கிரஸ்காரர்களின் கல்லறை" என்று பெயரும் நிலைத்தது.

இறந்த உறுப்பினர்களுக்காக அரசு ஒரே மாதிரியான நினைவுக் கற்களை அங்கே வரிசை வரிசையாக நட்டது. கனசதுர அடிப்பாகம், மேலே கூம்பு. வடிவமைத்தவர் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிற்பிகளில் ஒருவரான பெஞ்சமின் லட்ரோப். 150க்கும் மேற்பட்ட கற்கள். பலவற்றின் அடியில் உடலே இல்லை; வெறும் நினைவுக்காக வைத்தவை. அவற்றின் அழகைப் பார்த்த ஹோர் என்ற உறுப்பினர், இதன் கீழே படுக்க வேண்டும் என்று நினைத்தால் சாவுக்கே புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொள்கிறது என்று கிண்டல் செய்தார். 1870களில் அந்த வழக்கம் நின்றது.

யார் யார் அங்கே இருக்கிறார்கள்? தேர்தல் தொகுதியைத் தங்கள் கட்சிக்குச் சாதகமாக வெட்டி ஒட்டுவதை "ஜெரிமேண்டரிங்" என்று குடிமையியலில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குப் பெயர் கொடுத்த எல்பிரிட்ஜ் ஜெரி அங்கேதான் இருக்கிறார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் வாஷிங்டனில் அடக்கமானவர் அவர் ஒருவர்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் பெண் வழக்கறிஞர் பெல்வா லாக்வுட், உள்நாட்டுப் போரைப் புகைப்படம் எடுத்த மாத்யூ பிராடி, ராணுவ அணிவகுப்பு இசையின் மன்னர் என்று பெயர் பெற்ற ஜான் பிலிப் சூசா, எஃப்.பி.ஐ.யை அரை நூற்றாண்டு ஆண்ட ஜே. எட்கர் ஹூவர் ஆகியோரும் அங்கே உண்டு.

பெரிய மனிதர்கள் மட்டுமல்ல. 1864 ஜூன் 17 அன்று வாஷிங்டன் ஆயுதக் கிடங்கில் வெடி விபத்து. வெயிலில் காயவைத்த வாணவேடிக்கைப் பொருள் தீப்பற்றியதில், உள்ளே தோட்டா சுற்றிக்கொண்டிருந்த 21 பெண்கள் இறந்தார்கள். பலரும் ஏழைக் குடும்பத்து இளம் பெண்கள். அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிய உடல்களை இங்கேதான் புதைத்தார்கள். இறுதி ஊர்வலத்துக்கு லிங்கனே வந்தார். அவர்களுக்கான நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு பெருமை உள்ள இடம் எப்படிப் பாழானது? இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

முதல் காரணம், 1864இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறை தொடங்கியது. நாட்டின் மரியாதையும் பணமும் அங்கே போயின. இரண்டாவது காரணம் கணக்கு. கல்லறைத் தோட்டத்துக்கு வருமானம் புதைகுழி விற்கும்போதுதான் வரும். இடம் நிரம்ப நிரம்ப வருமானம் குறையும். ஆனால் புல் ஒவ்வொரு கோடையிலும் வளரும். வட்டியில் பராமரிக்கும் அளவுக்கு அந்தக் காலத்தில் யாரும் பணம் ஒதுக்கி வைக்கவில்லை. மூன்றாவது, மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். பாட்டனுக்குப் பூ வைக்கப் பேரன் வருவான். கொள்ளுப்பேரனுக்குக் கல்லறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

1970களில் நிலைமை மோசம். 1976இல் அக்கறையுள்ளவர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். மனம் இருந்தது, பணம் இல்லை. இடுப்பளவு புல், சாய்ந்த கற்கள், உடைந்த நிலவறைகள். போதைப்பொருள் ஆட்களுக்கு அது வசதியான மறைவிடமானது. 1997இல் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் உள்ள 11 இடங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

அந்தக் காலத்திலும் விடாமல் வந்தவர்கள் அக்கம்பக்கத்து நாய்க்காரர்கள். மழை, பனி என்று பார்க்காமல் காலையிலும் மாலையிலும் வந்தார்கள். நாய்க்கு லீவு கிடையாது அல்லவா! நாயோடு மனிதர் நடமாடும் இடத்தில் திருட்டுத்தனம் செய்பவனுக்கு என்ன வேலை? அவன் மெல்ல இடத்தைக் காலி செய்தான். புல் வளர்ந்தால் நாய்க்கும் கஷ்டம், நடப்பவருக்கும் கஷ்டம். ஆகவே அவர்களே கைக்காசு போட்டுப் புல் வெட்ட உதவினார்கள். பிறகு அமைப்பாகச் சேர்ந்தார்கள். அதுதான் இன்றுள்ள "கே-நைன் கோர்". ஆங்கிலத்தில் நாய் என்ற சொல்லின் ஒலியை வைத்துச் செய்த சிலேடை.

இன்று அது ஒழுங்கான உறுப்பினர் திட்டம். ஆண்டுக்குச் சில நூறு டாலர் சந்தா. தொண்டு வேலையும் செய்ய வேண்டும். நாய்க்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும். கழிவை உரியவரே அள்ள வேண்டும். அடக்கம் நடக்கும்போது நாய்களுக்கு இடமில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கே முதலிடம். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. காத்திருப்போர் பட்டியலும் உண்டு. தோட்டத்தின் நடைமுறைச் செலவில் கணிசமான பங்கு இந்தச் சந்தாவிலிருந்து வருகிறது. 2011இல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டது. 2013இல் மரங்களைச் சுற்றிய நச்சுக் கொடிகளை மேய்ந்து அழிக்க ஆட்டு மந்தையையே உள்ளே விட்டார்கள்!

இதற்கு எதிர்வாதம் இல்லையா என்றால், உண்டு, நியாயமானதும் கூட. அம்மாவைப் புதைத்து ஒரு மாதம் ஆகாத மகள் கல்லறை முன் உட்கார்ந்திருக்கும்போது, முன்பின் தெரியாத நாய் ஓடிவந்து பூவை மோந்து பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? நாய் என்றால் நடுங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். சில சமயத்தாருக்கு அது தூய்மை பற்றிய கேள்வி. பழைய மணற்கல்லுக்குச் சிறுநீர் நல்லதல்ல.

அதனால்தான் இங்கிலாந்தில் பல ஊர்களில் இது பெரிய வழக்காடலாகவே நடக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சிகள் "பொதுவெளிப் பாதுகாப்பு ஆணை" போட்டு, கல்லறைத் தோட்டத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும், அல்லது நாயே கூடாது என்று சொல்லலாம். மீறினால் அபராதச் சீட்டு. ஆனால் ஆணை போடுமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 3 ஆண்டுக்கு மேல் நீடிக்க வேண்டுமென்றால் மறுபடி புதுப்பிக்க வேண்டும். ஆகவே கையெழுத்து வேட்டை, கூட்டம், மனு என்று இரு தரப்பும் திரும்பத் திரும்ப மோதிக்கொள்கின்றன.

கல்லறைத் தோட்டம் என்றால் எப்போதும் மௌனம்தான் என்பதும் வரலாற்றுப்படி சரியல்ல. 1831இல் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன், 1838இல் புரூக்ளினில் கிரீன்-வுட் என்று மரமும் குளமும் வைத்துத் தொடங்கிய தோட்டங்களுக்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு உலாவப் போனார்கள். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்ற தோட்டக்கலை நிபுணர், நகரத்துக்குப் பொதுப் பூங்கா வேண்டும் என்று வாதாடினார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பிறந்ததில் அந்த வாதத்துக்குப் பங்கு உண்டு. பூங்கா வந்ததும் மக்கள் அங்கே போனார்கள். கல்லறை தனித்துவிடப்பட்டது.

என் கருத்தைச் சொல்கிறேன். வாஷிங்டன் நாய்க்காரர்கள் "இது எங்கள் பழக்கம், விட மாட்டோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் எப்போதோ வெளியே அனுப்பப்பட்டிருப்பார்கள். அவர்கள் புல் வெட்டினார்கள், பணம் கட்டினார்கள், அடக்கம் நடக்கும்போது ஒதுங்கி நின்றார்கள். அதனால் அவர்களின் கோரிக்கைக்கு எடை கூடியது. எல்லா ஊருக்கும் இதே தீர்வு பொருந்தாது. நேற்றுப் புதைத்த மண் ஈரமாக இருக்கும் தோட்டத்துக்கு ஒரு விதி. அழ யாரும் வராத நூறாண்டுப் பழைய தோட்டத்துக்கு வேறு விதி. ஒரே இடத்திலேயே பகுதி பிரித்தும், நேரம் பிரித்தும் வைக்கலாம்.

கல் மட்டும் இருந்தால் நினைவு நிற்காது. யாராவது வந்து போக வேண்டும். அந்த 21 பெண்களின் பெயரை இன்று நாயோடு நடக்கும் ஒருவர் நின்று படிக்கிறார் என்றால், அவர்கள் முழுதாக மறக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களே, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் என்ன விதி என்று கீழே எழுதுங்கள். வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றும் பாராட்டியே வந்திருக்கிறேன்.