மீண்டும் நடத்தல்: இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையும் குணமடைதலின் சமூக வரலாறும்

1

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நோய், அதனை வென்ற ஒரு மருத்துவர், அவர் கண்ட ஒரு புதிய முறை என்னும் வாய்பாட்டிலேயே அது அமைகின்றது. தலைவனொருவனின் போர்ச்செயலை மையமாகக் கொண்டெழும் வீரயுகப் பாடல்களின் அமைப்பினை இலக்கிய மாணவர் இதில் எளிதில் இனங்கண்டுகொள்வர். போர் முடிந்ததும் பாடலும் முடிந்துவிடுகின்றது. புண்பட்டோர் வீடு திரும்பிய கதையினை எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறும் இவ்வாய்பாட்டிற்கு விலக்கன்று. 2007 ஆம் ஆண்டு ‘லான்செற்’ என்னும் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று இதனை நூற்றாண்டின் சத்திரசிகிச்சை எனத் தன் தலைப்பிலேயே குறித்தது. அவ்வரலாற்றின் நாயகராக இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஜோன் சார்ன்லி (1911-1982) போற்றப்படுகின்றார். அப்போற்றுதல் தகுதியற்றதன்று. ஆயினும், சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் மனிதரொருவர் எழுந்து, நின்று, கோலூன்றி, ஈற்றில் கோலின்றி நடப்பதற்கு வாரங்களும் மாதங்களும் செல்கின்றன. அக்காலப்பகுதியே இக்கட்டுரையின் பொருள். குணமடைதல் எனப்படுவது யாது? அது எவ்விடத்தில் நிகழ்ந்தது? அதற்கான உழைப்பினை நல்கியோர் யாவர்? இவ்வினாக்களை எழுப்புமிடத்து, குணமடைதல் என்பது சத்திரசிகிச்சையின் பின்னொட்டாகவன்றி, தனக்கெனச் சமூக வரலாறுடையவொரு நிகழ்ச்சியாகத் தோற்றம்பெறுவதைக் காணலாம்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயுற்ற மூட்டுக்குச் சொல்லப்பட்ட மருந்து ஓய்வேயாகும். லிவர்பூல் துறைமுக நகரில் தொழில்புரிந்த ஹியூ ஓவன் தோமஸ் (1834-1891) இக்கோட்பாட்டின் முதன்மையான பிரசாரகர். எலும்பு பொருத்தும் நாட்டு வைத்தியர் பரம்பரையில் வந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வறியோருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். மூட்டுக்கு முழுமையான, இடையறாத, நீண்ட ஓய்வு வேண்டுமென்பது அவர் கொள்கை. ஆனால் அன்றாடம் உழைப்பினை விற்று உண்ணும் துறைமுகத் தொழிலாளிக்கு நீண்ட ஓய்வு என்பது நீண்ட பட்டினியேயாகும். இம்முரண்பாட்டினைத் தோமஸ் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் ஆக்கிய இடுப்பு மட்டையே சான்று. மூட்டினை அசையாது பிணித்துவைத்த அதே வேளையில், நோயாளி ஊன்றுகோல்களின் துணையுடன் நடமாடுவதற்கும் அது இடமளித்தது.

தோமஸின் உறவினரும் மாணவருமான றொபேட் ஜோன்ஸ் 1888 இல் மான்செஸ்ரர் கப்பற் கால்வாய் வேலைத்தலங்களின் சத்திரசிகிச்சைப் பொறுப்பாளரானார். ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலைசெய்த அத்திட்டத்தில், விபத்துக்குள்ளானோரை உடன் கவனிப்பதற்கான நிலையங்களை ஒழுங்கமைத்தார். முதலாம் உலகப் போரின்போது அவ்வனுபவமே இராணுவ எலும்பு மருத்துவ நிலையங்களாக விரிவடைந்தது. புனர்வாழ்வு என்னும் கருத்து உருப்பெற்றது இச்சூழலிலேயாகும். கால்வாய் வெட்டுபவன் மீண்டும் மண்வெட்டி பிடிக்கவேண்டும். படைவீரன் போர்முனைக்கோ பட்டறைக்கோ திரும்பவேண்டும். சேதமுற்ற உழைப்புச் சக்தியினை மீண்டும் உற்பத்திக்குள் கொணர்வதே குணமடைதலின் அளவுகோலாயிருந்தது.

இதே காலத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. சிறுவயது முதல் இடுப்பு நோயால் வருந்திய அக்னஸ் ஹன்ற் என்னும் தாதி, 1900 இல் சுறொப்சயரின் பாஸ்சேர்ச் கிராமத்தில் நோயுற்ற சிறுவர்க்கான திறந்தவெளி வைத்தியசாலையொன்றினைத் தொடக்கினார். அதற்கு முன்னரே, 1894 இல், இங்கிலாந்தில் தாதியர் நால்வர் கூடிப் பயிற்றப்பட்ட உடற்பிடிப்பாளர் சங்கத்தினை அமைத்திருந்தனர். இன்றைய இயன்மருத்துவத் தொழிலின் பிரித்தானிய வேர் அச்சங்கமேயாகும். குணமடையச் செய்தல் என்னும் தொழில் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் பெண்களின் உழைப்பாக இருந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓய்வுக் கோட்பாடு தளரத் தொடங்கியது. படுக்கைகளுக்கு நிலவிய தட்டுப்பாடு நோயாளிகளை விரைவில் எழுப்பவேண்டிய நிர்ப்பந்தத்தினை ஏற்படுத்திற்று. எழுந்தவர்கள் கெட்டுப்போகவில்லை, பலர் முன்னையோரிலும் விரைவாகத் தேறினர். 1947 இல் ரிச்சட் ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் படுக்கையில் கிடத்தலின் ஆபத்துகளை விளக்கி எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. நாளங்களில் இரத்தம் உறைதல், தசை நலிதல், நுரையீரலிற் சளி கட்டுதல், மனச்சோர்வு ஆகியன ஓய்வு தரும் நோய்கள் என்பது தெளிவாயிற்று.

3

சார்ன்லி தமது பணியினை நிகழ்த்திய றைற்றிங்ரன் வைத்தியசாலை, லங்காசயர் மாகாணத்தின் விகன் நகருக்கு அண்மையில் 1933 இல் காசநோய் வைத்தியசாலையாகத் திறக்கப்பட்டதாகும். காசநோயாளர் அங்கு மாதக்கணக்கிற் படுத்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் புதிய மருந்துகள் வரவே காசநோய் குறைந்தது, கட்டில்கள் வெறுமையாயின. நீண்ட ஓய்விற்கென எழுப்பப்பட்ட அவ்விடமே மக்களை மீண்டும் நடக்கச்செய்யும் நிலையமாக மாறியது.

செயற்கை மூட்டு பற்றிய எண்ணம் சார்ன்லிக்கு முந்தியது. 1890 ஐ அடுத்த ஆண்டுகளில் பேர்லினில் தெமிஸ்தொக்கிளஸ் குளுக் யானைத் தந்தத்தாலான மூட்டுகளைப் பொருத்தினார். கிருமித்தொற்று அவற்றைத் தோல்வியுறச் செய்தது. 1938 இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் உருக்காலான முழு மூட்டினை நோயாளர் சிலருக்குப் பொருத்தினார். 1946 இல் பாரிசில் ஜுடே சகோதரர் அக்ரிலிக் பந்தினைப் பயன்படுத்தினர். அத்தகைய மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவரின் இடுப்பு, அவர் குனியுந்தோறும் கிறீச்சிட்டதாம். அவர் மனைவிக்கு அவ்வொலி தாங்கமுடியாததாயிற்றாம். மூட்டினுள் உராய்வு பற்றிச் சார்ன்லியைச் சிந்திக்கவைத்தது அவ்வொலியேயாகும்.

சார்ன்லி முதலிற் பயன்படுத்திய ரெப்லோன் கிண்ணங்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் பாதித்தன. ஏறத்தாழ 300 நோயாளர் இத்தோல்விக்கு ஆளாயினர். நடக்கத் தொடங்கியவர்கள் மீண்டும் வலியுடன் கட்டிலுக்கு வந்தனர். சார்ன்லி தம் தொடையிலேயே அப்பொருளின் துகள்களைப் பதித்து விளைவினைச் சோதித்தார் என்பது அவர் நேர்மைக்குச் சான்று. எனினும் அத்தோல்வியின் முழு விலையினைச் செலுத்தியோர் அந்நோயாளரேயாவர். அவர்தம் பெயர்களை வீரகாதை அறியாது.

1962 மே மாதத்தில் விற்பனையாளர் ஒருவர் புதியதொரு பொலிஎதிலீன் துண்டினைக் கொண்டுவந்தார். லங்காசயர் நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பொருள் அது. சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரான ஹரி கிறேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில், அதனைத் தேய்வு சோதிக்கும் பொறியில் இட்டு இரவுபகலாக ஓடவிட்டார். மூன்று வாரங்களில் அது தேய்ந்த அளவு, ரெப்லோன் ஒரு நாளில் தேய்ந்த அளவிலும் குறைவாயிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அப்பொருளாலான கிண்ணம் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதனை எலும்புடன் பிணைக்கும் அக்ரிலிக் சீமெந்துக்கான வழியினைக் காட்டியவர் மான்செஸ்ரரின் பல்மருத்துவப் பொருளாய்வாளர் டெனிஸ் சிமித். தறியும், பற்சிகிச்சையும், கைவினைஞனின் பிடிவாதமும் கூடியே ‘சார்ன்லி மூட்டு’ உருவாயிற்று. மேதைமை என நாம் வழங்குவது பல்லோர் உழைப்பின் சந்திப்பிடமே என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயினும் இதனினும் முக்கியமானதொன்றுண்டு. இடுப்பு மூட்டுத் தேய்வினால் வருந்தியோர் பெரும்பாலும் முதியோர். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வீடுகளிலும் உழைத்து ஓய்ந்தோர். சந்தையின் கணக்கில் அவர்தம் கால்களுக்கு மதிப்பில்லை. அவற்றைச் சீராக்குவதனால் எவ்வுற்பத்தியும் பெருகப்போவதில்லை. றொபேட் ஜோன்ஸ் காலத்துப் புனர்வாழ்வுக் கருத்தின்படி அவர்கள் குணமடையவேண்டிய அவசியமேயில்லை. 1948 ஜூலை 5 ஆம் திகதி தொடங்கப்பெற்ற பிரித்தானிய தேசிய சுகாதார சேவை இக்கணக்கினை மாற்றியது. சார்ன்லியின் அரசியற் கருத்துகள் எவையாயினும், இனி உழைப்பினை விற்க இயலாத ஒருவரும் வலியின்றித் தெருவரை நடந்து வருதற்கு உரிமையுடையவர் என்னும் கோட்பாடு நடைமுறையானது அப்பொதுச் சேவையினுள்ளேயே. தொழிலாளர் இயக்கத்தின் நீண்ட போராட்டத்தினை நீக்கிவிட்டு இச்சத்திரசிகிச்சை பரவிய விதத்தினை விளக்கவியலாது.

றைற்றிங்ரனிற் குணமடைதல் வாரக்கணக்கில் நிகழ்ந்தது. சார்ன்லியின் முறையில் தொடையெலும்பின் மேற்புடைப்பு வெட்டப்பட்டுப் பின்னர் கம்பியாற் கட்டப்பட்டது, அவ்வெலும்பும் பொருந்தவேண்டும். கால்களுக்கிடையே தலையணை வைத்து அவற்றை அகற்றிவைத்தல், நோயாளியைத் திருப்பிவிடுதல், முதன்முறை நிற்கும்போது தாங்கிக்கொள்ளல், ஊன்றுகோல் பிடிக்கக் கற்பித்தல் ஆகிய பணிகளைத் தாதியரும் இயன்மருத்துவரும் ஆற்றினர். நோயாளரும் வெறும் பெறுநராக இருக்கவில்லை. தாம் இறந்தபின் அம்மூட்டினை ஆய்வுக்கென மீள வழங்கச் சார்ன்லி அவர்களிடம் ஒப்புதல் கேட்டார், பலர் இசைந்தனர். எத்தனை ஆண்டு நடந்தால் எவ்வளவு தேயும் என்னும் அறிவினை, இறந்தும் வழங்கியோர் அம்மக்கள்.

4

குணமடைந்தார் என்று யாரைச் சொல்வது? இவ்வினாவிற்கு விடையாக 1969 இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹரிஸ் வகுத்த புள்ளித்திட்டம் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. மொத்தம் 100 புள்ளிகள். வலியின்மைக்கு 44, செயற்பாட்டிற்கு 47, எஞ்சியவை மூட்டின் அசைவிற்கும் கோணலின்மைக்கும் உரியன. இதனை ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோற் படித்துப் பார்த்தல் பயனுடையது. படியேறுதல், சப்பாத்தும் காலுறையும் அணிதல், நாற்காலியில் ஒரு மணித்தியாலம் அமர்தல், பொதுப் போக்குவரத்தில் ஏறுதல் என்பன அதிலுள்ள செயல்கள். நிலத்திற் சம்மணமிட்டிருத்தல் இல்லை. குந்தியிருத்தல் இல்லை. நாற்றுநடுதலோ அடுப்பூதுதலோ இல்லை. நாற்காலியும் சப்பாத்துமுடைய ஒரு வாழ்க்கையே மனித வாழ்க்கையாக அதிற் கொள்ளப்பட்டுள்ளது.

அத்திட்டம் வெளிவந்த அதே 1969 இல், மண்டலே பொது வைத்தியசாலையின் எலும்பு மருத்துவரான சான் பா (1922-1984) இலண்டனிற் கூடிய பிரித்தானிய எலும்பு மருத்துவர் முன்னிலையில் தம் பணியினை எடுத்துரைத்தார். பர்மாவில் உலோக மூட்டுகளை இறக்குமதி செய்தல் அரிதாயிருந்தது. யானைத் தந்தம் உள்ளூரிற் கிடைத்தது. 1960 இல், இடுப்பெலும்பு முறிந்த 83 வயதுப் பௌத்த பிக்குணி ஒருவருக்குத் தந்தத்தாற் கடைந்த தொடையெலும்புத் தலையினைப் பொருத்தினார். பின்னர் நூற்றுக்கணக்கானோருக்கு இதனைச் செய்தார். அவர் தம் வெற்றிக்குச் சான்றாகக் காட்டியவை எவை? நோயாளர் குந்தியிருந்தனர்; சைக்கிள் ஓட்டினர்; இளையோர் பந்தும் விளையாடினர். தந்தத்தினை இன்று எவரும் மருத்துவப் பொருளாகப் பரிந்துரையார். ஆயினும் குணமடைதலின் அளவுகோலைத் தம் மக்களின் வாழ்க்கையிலிருந்தே அவர் வகுத்துக்கொண்டார் என்பதே முக்கியமானது. இடுப்பினைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதே, காலைக் குறுக்கே போடாதே, தாழ்ந்த ஆசனத்தில் இராதே என்னும் விதிகள் நாற்காலியில் வாழ்பவருக்குச் சிறு தொல்லை. பாயிற் படுத்து, நிலத்திலிருந்து உண்டு, குந்து மலகூடத்தினைப் பயன்படுத்தும் ஏழைக்கோ அவை வீட்டையே மாற்றியமைக்குமாறு கூறும் கட்டளைகள். இவ்விதிகளிற் சிலவற்றின் தேவையினை அண்மைக்கால ஆய்வுகளே ஐயுற்றுள்ளன.

5

1990 களில் டென்மார்க்கின் ஹென்றிக் கேலற் முதலானோர், வலிநீக்கம், உணவு, உடன் நடத்தல் ஆகியவற்றை ஒருங்கிணைத்து விரைந்து குணமடையும் முறையினை வகுத்தனர். வாரங்கள் நாள்களாகக் குறைந்தன. சத்திரசிகிச்சை நிகழ்ந்த அன்றே நோயாளி எழுந்து நிற்கின்றார். சிலர் அன்றே வீடு செல்கின்றனர். இரத்தம் உறையும் ஆபத்து குறைந்தது. உடல் நலிவும் குறைந்தது. இது அறிவியலின் உண்மையான முன்னேற்றம். இதனை மறுப்பது பிற்போக்கேயாகும்.

ஆனால் வைத்தியசாலைக் கணக்கிலிருந்து நீங்கிய நாள்கள் மறைந்துவிடவில்லை. அவை வீட்டுக்கு இடம்பெயர்ந்தன. இரவில் எழும்போது தாங்குதல், காலுறை இழுத்துவிடுதல், மருந்து நேரம் பார்த்தல், குளிக்க உதவுதல், பயிற்சியை நினைவூட்டல் ஆகியவற்றை முன்பு ஊதியம்பெற்ற தாதி செய்தாள். இன்று மகளோ மருமகளோ மனைவியோ ஊதியமின்றிச் செய்கின்றாள். கட்டிற்செலவு குறைந்ததெனக் காட்டும் கணக்கேட்டில் அவளுடைய உழைப்பிற்குப் பத்தியில்லை. அவளே நோயாளியாகும்போது நிலைமை இன்னும் கடுமையாகின்றது. மற்றையோரைத் தேற்றுவதற்குப் பழகிய வீடு, அவளைத் தேற்றுவதற்குப் பழகியிருப்பதில்லை. ஆறு வாரம் ஓய்வெடுக்கவேண்டியவள் இரண்டாம் வாரமே அடுப்படியில் நிற்பது மன உறுதியின் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அது உழைப்புப் பிரிவினையின் விளைவு என்பது பேசப்படுவதில்லை.

தனிமனித அனுபவம் எவ்வாறு சமூக அறிவாக மாறலாம் என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. 1979 இல் சுவீடன் நாடளாவிய இடுப்பு மூட்டுப் பதிவேட்டினைத் தொடங்கிற்று. பொருத்தப்பட்ட மூட்டுகளுள் எவ்வகை நிலைக்கின்றது, எவ்வகை தோற்கின்றது என்பன அதன்மூலம் தெரியவந்தன. பிற நாடுகளும் அவ்வழி சென்றன. 2010 இல் பல்தேசிய நிறுவனமொன்று உலோகத்தோடு உலோகம் உரசும் தன் மூட்டுகளை உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற நேர்ந்தது. அதற்கு முன்னரே அவற்றின் குறையினைப் பொதுப் பதிவேடுகள் சுட்டியிருந்தன. தனியொருவரின் வலி முறைப்பாடாகவே எஞ்சும். ஆயிரம்பேரின் வலி பதிவுசெய்யப்படும்போது அது சான்றாகின்றது.

ஆகவே குணமடைதலை நோயாளியின் தனிப்பட்ட பொறுமைக்கும் மருத்துவரின் கைத்திறனுக்கும் மாத்திரம் உரியதாகக் கொள்வது பொருந்தாது. ஓய்வினை மருந்தாக விதித்த காலத்தில் அதனை யார் அனுபவிக்க முடிந்தது என்பதும், நடத்தலை மருந்தாக விதிக்கும் இக்காலத்தில் அருகில் நின்று தாங்குபவர் யார் என்பதும் ஒரே வினாவின் இரு வடிவங்கள். முதியவரொருவர் கோலூன்றி முற்றத்தில் எடுத்துவைக்கும் முதலடியின் பின்னால் நெசவுத் தறியின் பற்சக்கரமும், பெயரறியா நோயாளரின் தோல்விகளும், பொதுச் சேவையொன்றினை வென்றெடுத்த மக்களின் போராட்டமும், அருகே கைகொடுத்து நிற்கும் பெண்ணின் உழைப்பும் உள்ளன. வீட்டில் நிகழும் அவ்வுழைப்பினையும் சுகாதாரச் சேவையின் பகுதியாகக் கணித்து, அதற்குரிய தாதியரையும் இயன்மருத்துவரையும் வீடுவரை அனுப்புமாறு கோருவதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் அடுத்த கடமையாகும்.