மிளகும் சுக்கும்: எல்லைப்புறத்துக் கைவைத்தியம்



பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதையில் முதலமடை என்றோர் ஊர் உண்டு. தெற்கே நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் மலைகள். கிழக்கே கோவிந்தாபுரத்தில் தமிழ்நாட்டு எல்லை. மாம்பழத்திற்குப் பெயர் பெற்ற ஊர். கேரளத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்திற்கு வண்டியில் செல்ல வேண்டுமானால், தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே செல்ல வேண்டும். நிலத்தின் அமைப்பு அப்படி.

நீங்கள் பிழைப்பை நாடி மும்பைக்கோ தில்லிக்கோ சென்று வேற்று மாநிலத்தவர் ஆனீர்கள். இவ்வூர்ப் பக்கத்துத் தமிழர் பலர் இருந்த இடத்திலேயே இருந்து அவ்வாறு ஆனவர்கள். முன்னாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அடுத்திருந்த சித்தூரோ கொச்சி ராஜ்யத்தில். 1956 நவம்பர் முதல் நாள் இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. எல்லை மாறினாலும் இவர்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாறவில்லை. ஒரு சிறு ஜலதோஷத்தை முன்னிட்டு அப்பெட்டியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

முதலில் மிளகு. பழந்தமிழில் இதற்குக் 'கறி' என்று பெயர். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு மீண்ட செய்தியை அகநானூறு சொல்லுகிறது. கிழக்குக் கரையிலிருந்த புகாரில் மிளகு மூட்டைகள் குவிந்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மேற்கு மலைச் சரக்கு கிழக்கே வருவதற்கு இயற்கை திறந்து வைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாயே. அக்கணவாயின் கிழக்கு முகப்பில் உள்ள பொள்ளாச்சி, வெள்ளலூர்ப் பக்கங்களில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தது தற்செயல் அன்று. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுப் பெரெனிகே துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், கோயில் ஒன்றில் இந்தியச் சால் ஒன்றையும், அதனுள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகையும் கண்டெடுத்தனர். கி.பி. 408-இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட திறைப் பொருளில் மூவாயிரம் ராத்தல் மிளகும் ஒன்று. இன்று நாம் இரசத்தில் தட்டிப் போடும் பொருளைக் கப்பமாகக் கேட்ட காலமும் உண்டு!

மிளகுக்கு மூத்த செல்வாக்கு திப்பிலிக்கு. ரோமானிய ஆசிரியர் பிளினி, கருமிளகு ராத்தல் நான்கு தெனாரியம் என்றும், திப்பிலி பதினைந்து என்றும் விலை எழுதியிருக்கிறார். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். உடல்நோயை இம்மருந்து தீர்ப்பதுபோல் உள்ளத்தின் நோயைத் தீர்ப்பதற்கென்றே நல்லாதனார் தம் நூலுக்கு அப்பெயரைச் சூட்டினார். மருந்தின் பெயரை நூலுக்கு இட வேண்டுமானால், படிப்பவர் ஒவ்வொருவரும் அம்மருந்தை நன்கு அறிந்திருக்க வேண்டுமல்லவா?

பதினாறாம் நூற்றாண்டில் ஒரு புதுமை நேர்ந்தது. 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வழி கண்ட போர்த்துகீசியரைத் தொடர்ந்து, அமெரிக்கக் கண்டத்துக் காரக்காய் ஒன்று நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. தமிழர் அதனை மிளகு போன்ற காய் என்று கருதி 'மிளகாய்' என்றனர். மலையாளத்திலோ வந்த விருந்தாளி வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டது. அங்கே 'முளகு' என்றாலே மிளகாய்தான்; பழைய மிளகுக்குக் 'குருமுளகு' என்று அடைமொழி வேண்டியதாயிற்று. எல்லைப்புறக் கடையில் சளிக்கு வாங்க வந்தவர் சொல்லைத் தவறிச் சொன்னால், கஷாயத்துக்குப் பதில் கண்ணீர்தான்.

மிளகு இரசத்திற்கும் ஒரு கதை உண்டு. சென்னையில் இருந்த ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணியை இறைச்சியிட்டுக் குழைத்து 'மல்லிகட்டானி' என்று தம் மேசைக்குக் கொண்டு போயினர். சென்னை மாகாணத்து அதிகாரிகளை மற்ற மாகாணத்தார் 'மல்' என்று கேலி செய்ததும் அதனாலேயே. இலண்டனில் அதனைப் பருகியவர்களுக்கு அது ஜலதோஷக்காரனின் உணவு என்பது தெரிந்திருக்குமோ என்னவோ!

சுக்குக் காப்பி பிற்காலத்துப் பெயர். சென்ற இரு நூற்றாண்டுகளில் மேற்கு மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகி, காப்பி வீட்டுப் பானமான பின்னரே பழைய சுக்கு நீருக்கு இப்பெயர் வாய்த்திருக்க வேண்டும். தமிழ் வீடுகளில் சுக்கும் கொத்தமல்லி விதையும் மிளகும் இடித்து, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுவர்; பெரும்பாலும் காப்பித்தூள் ஒரு சிட்டிகையும் இராது. மலையாள வீடுகளில் துளசியோடு சிறிது காப்பித்தூளும் சேர்வதுண்டு. எது உயர்ந்தது என்ற வழக்கில் நான் தலையிடுவதாக இல்லை. ஆனால் கருப்பட்டிக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை இடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இவை ஜலதோஷத்தைத் தீர்க்கின்றனவா? நேர்மையான விடை, இல்லை என்பதே. இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரருகே 1946 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. தீர்க்கும் மருந்து கிட்டவில்லை. காரணம், ரைனோ முதலிய பலவகை வைரஸ்கள். ஏழு முதல் பத்து நாளில் தானே தணியும் நோய் இது. ஆனால் 2008-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் ஒன்று கண்டனர்: சூடான பானம் மூக்கின் காற்றோட்டத்தை அளவில் மாற்றவில்லை, எனினும் தும்மல், இருமல், தொண்டைக் கரகரப்பு, குளிர், அயர்ச்சி ஆகியவற்றில் பருகியவர் உடனே ஆறுதல் உணர்ந்தனர். நம் பாட்டிமார் வாக்களித்ததும் ஆறுதலைத்தானே! ஆடாதோடையின் கதை இன்னும் ஒரு படி மேல். அவ்விலையில் உள்ள வாசிசின் என்ற சத்தை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்து 1960-களில் புழக்கத்துக்கு வந்தது.

எச்சரிக்கையும் இரண்டொன்று உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் சிறு பிள்ளைகளை உட்கார்த்தி ஆவி பிடிக்கச் செய்வதால் வெந்து போன உடல்கள் அநேகம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தணியாத காய்ச்சலோ கண்டால் கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கற்பூரவள்ளியைச் சொல்ல மறந்தேன். மலையாளத்தார் இதனைப் பனிக்கூர்க்கை என்பர். பனி என்றால் அங்கே காய்ச்சல். அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைப் பிள்ளைகளுக்கு இரு புறத்தாரும் ஒன்றுபோலவே கொடுக்கின்றனர். இதற்குத் தோட்டம் வேண்டுவதில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு கொம்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மும்பை மாடிவீட்டுச் சன்னலோரத் தொட்டியிலும் வேர் பிடித்துவிடும்.