நட்சத்திரமா, வீதக்குறியா? தேடல் குறிகளின் சிறு வரலாறு

பழைய பெயர்ப்பட்டியல் ஒன்று கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று வையுங்கோ. ‘பொன்னம்பலம்’ என்று தேடினால் ‘0 முடிவுகள்’ வருகிறது. அப்படியெண்டா அந்தப் பெயரில் ஒருவரும் இருக்கேல்லையா? வரலாறு படிக்கிற நாங்கள் இந்தக் கேள்வியைச் சும்மா விட ஏலாது. ஆவணங்கள் எல்லாம் கணினிக்குப் போகிற காலத்தில், தேடலில் அகப்படாதது இல்லாததாகவே ஆகிவிடுகிறது. ஆனால் பல தடவைகளில் பிழை இருப்பது தேடும் குறியில்தான்.

ரம்மி விளையாடியவர்களுக்கு ஜோக்கர் தெரியும். எந்தச் சீட்டின் இடத்திலும் நிற்கும். கணினித் தேடலிலும் அப்படியொன்று உண்டு. ‘வைல்ட்கார்ட்’ என்ற பெயரே சீட்டாட்டத்திலிருந்து வந்ததுதான். 1971 இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸின் முதற் பதிப்பிலேயே கோப்புப் பெயர்களுக்கு இந்தக் குறிகள் இருந்தன. * என்றால் எத்தனை எழுத்தும் வரலாம்; ? என்றால் ஒரேயொரு எழுத்து.

தரவுத்தளங்கள் வேறு வழியில் போயின. 1970 இல் ஐபிஎம்மின் எட்கர் கொட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் மாதிரியை முன்வைத்தார். 1974 இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் அதற்கு ‘சீக்குவல்’ என்ற வினவல் மொழியை வெளியிட்டார்கள். பிறகு எஸ்கியூஎல் என்று பெயர் மாறிய அந்த மொழி 1986 இல் அமெரிக்கத் தர நியமமானது. அதில் ‘லைக்’ தேடலுக்கு * இன் இடத்தில் %, ? இன் இடத்தில் _ வந்தன.

1992 இல் வந்த மைக்ரோசொப்ட் அக்சஸோ பழைய * ஐயும் ? ஐயும் பிடித்துக்கொண்டது. சிக்கல் இங்கதான். அக்சஸ் திரையில் ஒழுங்காக ஓடிய வினவலை ஏடிஓ வழியாக நிரலுக்குள் போட்டால் ஒன்றும் வராது. அந்த வழிக்கு % தான் ஜோக்கர், * வெறும் நட்சத்திரம். பிழைச்செய்தியும் வராது, வெறுமை மட்டும்தான்.

நிரலில் ? க்கு இன்னொரு வேலையும் உண்டு: பயனர் தரும் சொல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. '%?%' என்று மேற்கோளுக்குள் எழுதினால் அது சாதாரணக் கேள்விக்குறியாகிவிடும். ? ஐ மேற்கோள் இல்லாமல் தனியே விட்டு, % ஐத் தேடுசொல்லோடு ஒட்டி அனுப்ப வேண்டும்.

எங்கட மொழிக்கு இன்னொரு படி இருக்கிறது. 1991 இல் வந்த யூனிகோட், இந்தியாவின் 1988 இஸ்கி நியமத்தைப் பின்பற்றித் தமிழை ஒழுங்குபடுத்தியது. அதன்படி ‘கா’ என்பது ‘க’ வும் காலும் சேர்ந்த இரண்டு குறிகள். எங்களுக்கு ஒரு எழுத்து, தரவுத்தளத்துக்குப் பொதுவாக இரண்டு. ஒரு _ காணாது. ‘பொ’ வை இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடலில் ஒன்றை மற்றது கண்டுபிடிக்காமல் போகலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். யூனிகோட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது.

ஆகவே ‘0’ வந்தால், பட்டியலில் கட்டாயம் இருக்கிற ஒரு பெயரை முதலில் தேடுங்கோ. அதுவும் வரேல்லை என்றால், தரவுத்தளத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த வரியை எடுத்துப் பாருங்கோ. அதுக்குப் பிறகுதான் ஒருவர் இருந்தாரா இல்லையா என்று நாங்கள் எழுதலாம்.